தாய்வீட்டுக்கு நான்கு சக்கரம்

என் வீட்டில் தோசை வட்டமாக வராது. கல்லில் மாவை ஊற்றியதும் அது ஒரு பக்கமாக நகரும். வீட்டை எந்தப் பக்கம் சாய்வாக நிறுத்தியிருக்கிறார்களோ அந்தப் பக்கம். ஒரு ஓரம் அப்பளமாக முறுகி, மறு ஓரம் இட்லி மாதிரி தடித்துப்போன அந்தத் தோசையைத்தான் நானும் என் கணவரும் மூன்று வயது மகள் செல்வியும் தினம் தின்கிறோம். தோசை ரொம்பக் கோணினால் என் கணவர் எழுந்து வெளியே போய், வீட்டின் மூலைக்கடியில் இருக்கும் ஜாக்கியைத் திருகுவார். “இப்ப ஊத்திப் பாரு சரோ” என்று குரல் வரும். அடுத்த மாவு எதிர்ப்பக்கம் ஓடும். அவருக்கு சர்வேயர் உத்தியோகம். அபுதாபி அரசு போடும் சாலைகளுக்கெல்லாம் மட்டம் பார்த்துச் சொல்கிறவர் அவர்தான். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான் போலிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு நான்கு சக்கரம். இங்கே கேரவன் என்கிறார்கள். பொன்மலையில் என் தந்தைக்குக் கொடுத்திருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் சமையலறையையும் ஒரு அறையையும் சேர்த்து, மேலே தகரம் போட்டு, கீழே அச்சு மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். சாலை எவ்வளவு தூரம் போட்டு முடிகிறதோ அவ்வளவு தூரம் லாரி எங்களை இழுத்துப் போய் மணலில் விட்டுவிடும். கல்யாணமாகி வரும்போது கம்பெனி ‘ஃபேமிலி குவார்ட்டர்ஸ்’ தருகிறது என்று இவர் எழுதியிருந்தார். சக்கரத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கேட்டால், “நீ கேக்கலையே” என்கிறார்.

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லோருக்கும் ஒரே பொறாமை. கட்டிலில் படுத்தபடி தேசம் சுற்றுகிறாளாம் சரோஜா. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருஷம் ராஸ் அல் கைமா பக்கம் மலையடிவாரத்தில் நின்றபோது காலையில் கதவைத் திறந்தால் வாசலில் காட்டாடுகள். அங்கிருந்து தெற்கே இறங்கும்போது ஷார்ஜாவில் இவருடைய சித்தப்பா மகன் வீட்டு வாசலிலேயே கேரவனை நிறுத்தி இரண்டு நாள் விருந்து சாப்பிட்டோம். அந்தத் தெருவே திரண்டு வந்து எங்கள் வீட்டை உள்ளே ஏறிப் பார்த்தது. ஜெபல் அலி என்ற வெறும் மணலைக் கடந்தோம். அங்கே துறைமுகம் தோண்டப் போகிறார்களாம், என்னால் நம்ப முடியவில்லை. மிர்ஃபா கடற்கரையில் முழங்காலளவு தண்ணீரில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. செல்வி அவற்றைப் பார்த்து “அம்மா, அவங்களுக்கும் வீடு இல்லையா?” என்றாள். நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.

ஆனால் பொறாமைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குச் சக்கரம் இருந்தால் மட்டும் போதாது. ஸ்டியரிங் நம் கையில் இருக்க வேண்டும். எங்கள் ஸ்டியரிங் குல் பாய் என்ற பட்டாணிய லாரி டிரைவர் கையில் இருக்கிறது. அவருக்கு மேலே கேம்ப் மேனேஜர், ஒரு லெபனான்காரர். அவருக்கு மேலே யார் என்று எனக்குத் தெரியாது. “யல்லா”, கிளம்பு என்று மேலிருந்து ஒரு சொல் வரும். கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு, பாத்திரங்களைத் துணியில் சுற்றிக் கட்டிவிட்டு, லாரியின் முன்சீட்டில் மகளோடு ஏறி உட்கார வேண்டும். இழுக்கும்போது கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது சட்டம். திருச்சியிலிருந்து நான் கொண்டுவந்த சின்ன ஆட்டுக்கல்லைப் பார்த்து முதல் நாளே குல் பாய் தலையில் கை வைத்தார். “பாபி, பத்தர் மாஃபி! காடி டூட் ஜாயேகா!” கல் வேண்டாம், வண்டி முறிந்துவிடும் என்று சண்டை. நான் விடவில்லை. கடைசியில் அவரே அதற்கொரு உபயோகம் கண்டுபிடித்தார். வீட்டை நிறுத்தியதும் சக்கரம் உருளாமல் குழவியை முட்டுக் கொடுக்கிறார். மாவாட்ட வேண்டுமென்றால் நான் அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்தேன். என் தங்கை விமலா விஷயத்தில்தான் பொறுக்க முடியாமல் போயிற்று.

விமலா தோஹாவில் இருக்கிறாள். நஜ்மாவில் ஒரு மாடி வீடு. கீழே பாகிஸ்தானி ரொட்டிக்கடை. அவள் கணவர் சந்துரு ஒரு டிரேடிங் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்துக் குழந்தை உண்டானதும் அவள் எனக்கு எழுதிய முதல் வரி, “அக்கா, பிரசவத்துக்கு நான் எங்கே போவேன்?” என்பதுதான். தலைப் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். செல்வி பிறந்தபோது நான் பொன்மலைக்குப் போனேன். எங்கள் தந்தைக்கு மாற்றல் மாற்றலாக வரும். விழுப்புரம், மானாமதுரை, மறுபடி பொன்மலை என்று குவார்ட்டர்ஸ் மாறிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அம்மா எங்கே இருந்தாளோ அது தாய்வீடு. அம்மா பிரசவ லேகியம் கிண்டினாள், பத்தியம் பார்த்தாள், குழந்தை அழுதால் என்னை எழுப்பாமல் தானே தூக்கி வைத்துக்கொண்டாள். செல்விக்கு ஒரு வயது ஆகுமுன் அம்மா போய்விட்டாள். ஓய்வு பெற்ற அப்பா இப்போது ஓர் அறையில் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா இல்லாத பெண்ணுக்கு அக்கா வீடுதான் தாய்வீடு. நானே தோஹாவுக்குப் போய்விடலாம் என்றால் என் பாஸ்போர்ட் எங்களுக்கு விசா கொடுத்த கஃபீலின் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது; கேட்டுக் கேட்டு இவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால், “இங்கே வா. உனக்கு நான் இருக்கிறேன்” என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் காற்றில் ஆடியது, கூடவே வீடும் ஆடியது.

ஏற்பாடு சரியாகத்தான் செய்தோம். அப்போது கேம்ப் தரீஃப் ஊருக்குச் சற்று வெளியே இருந்தது. அங்கிருந்து அபுதாபி ஆஸ்பத்திரிக்கு நல்ல தார் சாலை. இன்னும் மூன்று மாதம் நகர மாட்டோம் என்று மேனேஜர் இவரிடம் சொல்லியிருந்தார். ஏழாம் மாதம் விமலா விமானத்தில் அபுதாபி வந்து, டாக்ஸி பிடித்துத் தரீஃப் வந்துவிடுவது. சந்துரு கொண்டுவந்து விட்டுத் திரும்புவது. நான் ஜன்னலோரக் கட்டிலை அவளுக்கென்று ஒழித்து, பழைய புடவைகளை மெத்தென்று மடித்துத் தைத்தேன். சுக்கு, ஓமம், பூண்டு எல்லாம் அபுதாபி கடைத்தெருவில் சொல்லி வாங்கினேன்.

அவர்கள் புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின நாள், தண்ணீர் லாரிக்காரர் அபுதாபி ஆபீஸிலிருந்து தந்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சந்துரு அனுப்பியது. நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி, கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு கிளம்புவதற்கில்லை, தசமியன்று வருகிறோம்.

நான் பஞ்சாங்கத்தை மதிக்காதவள் இல்லை. அஷ்டமியில் நானே புதுப் புடவை கட்ட மாட்டேன். ஆனால் விமானக் கம்பெனிக்கு அஷ்டமி தெரியுமா, இந்தப் பாலைவனத்துக்கு நவமி தெரியுமா? “உங்க சகலை கணக்கெழுதற வேலைக்குப் போகாம ஜோசியத்துக்குப் போயிருக்கலாம்” என்று இவரிடம் கத்தினேன். இவர், “ரெண்டு நாள்தானே சரோ. வீடு எங்க ஓடிடப் போகுது?” என்றார்.

நவமியன்று காலை “யல்லா” வந்தது.

மேற்கே மழை வரப்போகிறதாம். மழை பெய்தால் சப்கா என்னும் உப்புநிலம் சேறாகி லாரி புதைந்துவிடுமாம். அதற்குள் கேம்பை ஜெபல் தன்னாவுக்கு அப்பால் நகர்த்தியாக வேண்டுமாம். நான் மேனேஜரிடமே போனேன். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியவளில்லை. என் தங்கை நாளை வருகிறாள், கர்ப்பிணி, என் வீட்டை மட்டும் ஒரு நாள் விட்டுவிடுங்கள் என்று என் ரயில்வே ஸ்கூல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கவனமாகத்தான் கேட்டார். “சிஸ்டர்? வெரி குட், வெரி குட்” என்று வாழ்த்திவிட்டு, குல் பாயைப் பார்த்து லாரியைப் பின்னால் கொண்டுவரச் சொல்லிக் கையசைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குழவியைத் தூக்கியிருந்தால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும். நல்ல வேளை, அது சக்கரத்தடியில் இருந்தது. ஆபீஸ் ரேடியோவில் அபுதாபிக்குச் செய்தி சொல்லித் தோஹாவுக்குத் தந்தி அடிக்கச் சொன்னார் இவர். அந்தத் தந்தி போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். ஒரு பலகையில் தாரைத் தொட்டு, “விமலா, எங்களை மேற்கே கொண்டுபோகிறார்கள்” என்று எழுதி நட்டுவிட்டு வந்தேன். அன்று மாலையே அடித்த காற்று அதைத் தின்றுவிட்டது.

அடுத்து நடந்ததை விமலாவும் சந்துருவும் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். தசமியன்று நல்ல நேரத்தில், வலது காலை வைத்து இறங்கி, டாக்ஸிக்காரரை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வெறும் மணல். சக்கரத் தடமும், நான் பாத்திரம் தேய்த்த இடத்தில் கொஞ்சம் சாம்பலும், ஒரு கறிவேப்பிலைக் குச்சியும் கிடந்தன. சாம்பலைப் பார்த்ததும் சந்துரு வீடு எரிந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். சற்றுத் தள்ளிக் கூடாரம் போட்டிருந்த அபு ஸாலிம் என்ற பதூ நாடோடியிடம் ஓடினார். சந்துருவுக்கு அரபி தெரியாது. அபு ஸாலிமுக்குத் தெரிந்த இந்தி லாரிக்காரர்களிடம் கற்றது.

“பாய், கர் கிதர்? வீடு, வீடு!”

“பைத்? ராஹ்” என்றாராம் அபு ஸாலிம், வீடு போய்விட்டது என்று கையால் மேற்கைக் காட்டி. பிறகு உள்ளே கை நீட்டி, “தஆல், கஹ்வா” என்று காபி குடிக்க அழைத்திருக்கிறார்.

வீடு போய்விட்டதற்கு ஒரு மனிதன் இவ்வளவு சாவதானமாகப் பதில் சொல்ல முடியுமா? சந்துருவுக்கு அவர் கேலி செய்வதாகப் பட்டது. திருட்டுக் கூட்டமாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியதாம். “எரிஞ்சு போச்சா, இல்ல யாராவது தூக்கிட்டுப் போனாங்களா?” என்று கைஜாடையால் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார். அபு ஸாலிமுக்கோ இந்த மனிதர் ஏன் பதறுகிறார் என்று விளங்கவில்லை. அவருடைய வீடும் புல்லைத் தேடி வருஷத்துக்குப் பலமுறை போகிற வீடுதான். வீடு என்றால் போகும். போன பக்கத்தைக் காட்டியாயிற்று. வேறென்ன சொல்ல வேண்டும்? இரண்டு பேரும் ஒருவரையொருவர் மூளை சரியில்லாதவராக நினைத்துக்கொண்டு நின்றிருந்த நேரத்தில், கூடாரத்திலிருந்து அவர் மனைவி உம்மு ஸாலிம் வெளியே வந்து, விமலாவின் வயிற்றைப் பார்த்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றி, வீங்கிய காலை நீவிவிட்டாளாம். அதன் பிறகுதான் விமலாவுக்கு அழுகை வந்ததாம்.

அதே நாளில் நான் புதிய இடத்தில் பைத்தியம் பிடித்து நின்றேன். பழைய இடத்துக்குப் போய்ப் பார்த்துவர ஒரு பிக்கப் கேட்டார் இவர். “புக்ரா” என்றார்கள். நாளைக்கு. இந்த நாட்டில் நாளை என்பது எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத கிழமை. சோறு வடித்தேன், யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் ஒரு பழைய லாண்ட்ரோவர் வந்து நின்றது. பின்னால் ஆடுகள், அவற்றுக்கு நடுவே பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி சந்துரு. முன்சீட்டில் அபு ஸாலிமுக்கு அடுத்து முகமூடி போட்ட உம்மு ஸாலிம், அவளுக்கு அடுத்து என் தங்கை. கர்ப்பிணியை ஆண்களோடு தனியே அனுப்ப உம்மு ஸாலிம் சம்மதிக்கவில்லையாம்.

“என்னக்கா, பொண்ணு வர்றான்னு தெரிஞ்சதும் வீட்டை எடுத்துக்கிட்டு ஓடிட்டியா?” என்றாள் விமலா, சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். பிறகு இருவரும் அழுதோம். சந்துருவுக்கு ஒரு வாரம் திட்டுவதற்கான வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் தலையெல்லாம் ஆட்டு ரோமமாக வந்து நின்றதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

அன்றைக்கே வளைகாப்பு செய்துவிட்டேன். சுமங்கலிகளுக்கு எங்கே போவது? என்னையும் உம்மு ஸாலிமையும் விட்டால் அந்த உப்புநிலத்தில் பெண் வாடையே கிடையாது. நான் விமலாவுக்கு வளை போடுவதைப் பார்த்துவிட்டு அவளும் கண்ணாடி வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாக ஏற்றினாள், நம்மைவிடப் பதமாக. அவள் மடியில் முடிந்து கொண்டுவந்த, மழைக்குப் பின் மண்ணில் தோண்டும் ஃபக்கா என்ற கிழங்கை நான் சேப்பங்கிழங்கு மாதிரி வறுத்தேன். எலுமிச்சை சாதத்தோடு அது நன்றாகவே சேர்ந்தது. கேரவனில் அத்தனை பேர் ஏறியதில் வீடு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. என் கணவர் ஜாக்கியைத் திருகிக்கொண்டே வெளியில் சாப்பிட்டார்.

சந்தோஷம் அவ்வளவுதான். நான்கு நாள் விமலா என்னோடு இருந்தாள். தண்ணீர் லாரி ஒரு நாள் வந்தது, இரண்டு நாள் வரவில்லை. மழை பெய்து அபுதாபிப் பாதையில் லாரிகள் புதைந்து நின்றன. ஆஸ்பத்திரி எங்கோ வானத்தில் இருப்பதுபோல் ஆகிவிட்டது. மேனேஜர் வந்து, “விசிட்டர் மாஃபி” என்றார். கம்பெனி வீட்டில் விருந்தாளி தங்கக் கூடாதாம். ஐந்தாம் நாள் கேம்ப் தெற்கே, லிவா மணல்மேடுகள் பக்கம் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அங்கே இன்னும் சாலையே கிடையாது, போடத்தான் போகிறோம். நான் இவரிடம் வேலையை விடச் சொன்னேன். ஊருக்குப் போவோம் என்றேன். அபுதாபியில் ஏதாவது அறை எடுப்போம் என்றேன். வேலையை விட்டால் விசாவும் போய்விடும், அப்புறம் எங்கேயும் இருக்க முடியாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விமலாவே முடிவு செய்தாள்.

“நான் தோஹாவுக்கே போயிடறேன்க்கா. பக்கத்து வீட்டுல ஒரு மலையாள நர்ஸ் இருக்காங்க. அவங்க பாத்துக்குவாங்க.”

“இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கோடி. நான் எப்படியாவது…”

“நீ என்ன பண்ணுவே? உன் வீடு சொன்ன பேச்சு கேக்குமா?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண். பத்தியச் சாப்பாடு அந்த நர்ஸ் வீட்டிலிருந்து வந்ததாம். அம்மாவின் ஜாடை என்று விமலா எழுதியிருக்கிறாள். குழந்தை இப்போது குப்புற விழுகிறதாம். நான் இன்னும் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் அலமாரியில்தான் இருக்கிறது. எங்கள் வீடு இந்த ஒரு வருஷத்தில் போன தூரத்துக்குத் தோஹாவுக்குப் பலமுறை போய் வந்திருக்கலாம் என்று இவர் ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னார். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று விழித்தார்.

நம் ஊரில் பெண் தாய்வீட்டிலிருந்து கிளம்பும்போது வண்டி தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலில் நிற்பாள். பெண் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். வீடு அங்கேயேதான் இருக்கும். அந்தக் காலையில் விமலாவையும் சந்துருவையும் விமான நிலையத்தில் விடவேண்டிய பிக்கப் வரவில்லை, சேற்றுப் பாதையைச் சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. எங்கள் லாரி மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது. அவர்கள் முதலில் கிளம்பட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று குல் பாயைக் கெஞ்சினேன். முன்னால் போகும் லாரிகளைக் காட்டி, “லைன் சூட் ஜாயேகா, பாபி” என்றார் அவர். வரிசை தப்பினால் மணலில் வழி தவறிவிடும். அவர்மேல் தப்பில்லை. செல்வியைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன். விமலா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவள், இடுப்பில் கை ஊன்றி மெல்ல எழுந்தாள். கை நிறைய வளையல். அவள் சொல்ல வேண்டிய “போயிட்டு வரேன்”ஐ ஜன்னல் வழியே தலையை நீட்டி நான்தான் சொன்னேன். வீடு என் பின்னால் குலுங்கிக் கிளம்பியது. அந்த வெட்டவெளியில் திரும்புவதற்குத் தெருமுனை கிடையாது. அதனால் வெகுதூரம்வரை தெரிந்தாள், வயிற்றில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையை அசைத்து, தன் தாய்வீட்டை வழியனுப்பிக்கொண்டு நின்ற என் தங்கை.